வண்டியின் மூக்கு எந்தப் பக்கம்

மூன்றாவது முறையாக வண்டி செத்துக் கிடந்த காலையில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் வழக்கம்போல் தன் சரக்கு வேனை வாசலில் நிறுத்திவிட்டு, சிவப்பும் கறுப்புமான இரண்டு தடித்த ஒயர்களை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கினான். நான், என் கணவர், அண்ணன் மூன்று பேருமாக வண்டியை ஷெட்டிலிருந்து தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். வெளியே கொண்டுவந்தால்தான் பானெட்டைத் திறக்க முடியும். ஷெட்டின் உள்சுவரை ஒட்டி, வண்டியின் மூக்குக்கு நேர் மேலே ஒரு பரண் இருக்கிறது. என் பிழைப்பே அந்தப் பரணில்தான் இருக்கிறது. நான் ஜன்னல் திரைச்சீலை தைப்பவள். துணிச் சுருள்கள் அத்தனையும் அங்கேதான் அடுக்கியிருக்கும். பானெட்டை ஒரு சாண் தூக்கினால் போதும், பரணில் போய் இடிக்கும்.

அண்ணன் தன் வேனின் பேட்டரியிலிருந்து என் வண்டியின் பேட்டரிக்கு ஒயரை மாட்டினான். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. உடனே பிரசங்கம் ஆரம்பம்.

"வாரத்துக்கு ஒரு தடவை கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்தா பேட்டரி எப்படி நிக்கும்? வண்டின்னா ஓடணும் மிளகா, ஓடணும்."

மிளகா என்பது நான்தான். சின்ன வயதில் வைத்த பெயர், காரணம் கேட்காதீர்கள்.

"வண்டி வெச்சுக்கத் தெரியணும்," என்றான் அண்ணன், ஒயரைச் சுருட்டியபடி. "நான் சரக்கு ஏத்தற டிப்போல ஒருத்தர் இந்த வண்டிய கேட்டுக்கிட்டே இருக்காரு. பேசாம அவருக்கே குடுத்துடலாமான்னு பார்க்கிறேன்."

வண்டி அவன் கொடுத்தது. வேன் வாங்கியபோது பழைய காரை என் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "ஓட்டிப் பழகு" என்று சொல்லிவிட்டுப் போனான். கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் எனக்குப் பிடிக்காது. கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"இன்னொரு தடவை இது செத்துச்சுன்னா நீயே வந்து எடுத்துக்கிட்டுப் போ. ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"மாப்ளே, நீங்கதான் சாட்சி."

என் கணவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். ஏதோ சொல்லவும் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. அவர் நூலகத்தில் வேலை பார்க்கிறவர். இத்தனை வருஷம் 'சத்தம் போடாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து, குரல் அந்தப் பலகைக்கே அடங்கிப்போய்விட்டது. வீடு தீப்பிடித்தாலும் பக்கத்தில் வந்து நின்று, "ஏம்மா, கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா" என்றுதான் கேட்பார்.

அண்ணன் போன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. இந்த வண்டி வருவதற்கு முன்னால் நான் தொழில் செய்த லட்சணம் எனக்கல்லவா தெரியும்? ஆள் உயரத்துக்கு ஒரு திரைக்கம்பி, கக்கத்தில் துணிச் சுருள், தோளில் பை. பஸ்ஸில் ஏறினால் கம்பி முன்னால் இருப்பவர் காதில் குத்தும், இறங்கினால் பின்னால் இருப்பவர் காதில் குத்தும். கூட்டம் என்றால் கண்டக்டர் ஏற்றவே மாட்டார். வண்டி வந்த பிறகுதான் பெரிய வீடு, ஆபீஸ் என்று தேடிப் போய் ஜன்னல் அளவெடுக்கிறேன். நினைத்த நேரத்துக்குக் கிளம்புகிறேன், நினைத்த நேரத்துக்குத் திரும்புகிறேன். வண்டி போனால் என் தொழிலில் பாதி போய்விடும். மீதி பஸ்ஸில் நசுங்கும்.

மறுநாளே உதிரிபாகக் கடைக்குப் போய் நின்றேன். கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார்.

"வண்டி மேல தப்பில்லம்மா. சும்மா நிக்கிற வண்டிக்கும் பசிக்கும். உள்ள இருக்கிற கடிகாரம், அலாரம் எல்லாம் பேட்டரிய கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருக்கும். சின்ன சார்ஜர் ஒண்ணு வாங்கி மாட்டி வைங்க. நிறைஞ்சதும் அதுவே அடங்கிடும்."

"மாட்டணும்னா பானெட்டத் தொறக்கணுமே. ஷெட்டுக்குள்ள தொறக்க முடியாதுங்க."

"அதுக்கும் இருக்கு," என்று உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலத்துடன் வந்தார். முழ நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு இரட்டை ஒயர். ஒரு முனையில் சிவப்புக்கு ஒரு வளையம், கறுப்புக்கு ஒரு வளையம். சிவப்பில் ஒரு குட்டி ஃபியூஸ். மறுமுனையில் ரப்பர் மூடி போட்ட ஒரு பிளக். "வளையத்தை பேட்டரில நிரந்தரமா முடுக்கிடுங்க. பிளக்கை முன்னாடி கிரில் வழியா வெளிய இழுத்து விட்டுடுங்க. அப்புறம் பானெட் பக்கமே போக வேண்டாம். போன் சார்ஜ் போடற மாதிரி வெளியிலேர்ந்தே குத்திக்கலாம்."

எனக்கு அந்தம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. கல்லாவுக்குக் குறுக்கே கை எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தெருவில் நிறுத்தி வேலையை ஆரம்பித்தோம். ஸ்பேனர் என் கையில். மாட்டும் முறை எழுதிய காகிதம் கணவர் கையில். அவர் படித்தார். கேட்கவில்லை. காகிதத்தைப் பிடுங்கி நானே படித்துக்கொண்டேன்.

முதலில் கறுப்புப் பக்கத்துப் பிடியைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினேன். அதை விட்டுவைத்தால் ஸ்பேனர் எங்கேயாவது பட்டுப் பொறி பறக்கும் என்று கடைக்கார அம்மா சொல்லியிருந்தார். அப்புறம் சிவப்பின் நட்டைத் தளர்த்தி, அதில் வளையத்தைக் கோத்து முடுக்கினேன். கடைசியாகக் கறுப்பு, அதன் வளையத்தோடு சேர்த்து. அதற்குள் கணவர் எதிர்வீட்டு மதில் வரைக்கும் பின்வாங்கிப் போயிருந்தார்.

"ஏங்க, கரண்ட் உங்களைத் தேடிக்கிட்டு அங்க வராது. வாங்க."

ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதுதான் என் தொழிலுக்கு நெருக்கமான வேலை. அளவு நாடாவை வைத்து வழி பார்த்தேன். விசிறிக்குக் கிட்டே போகக் கூடாது, சூடேறும் பாகத்தில் படக் கூடாது, இழுபடவும் கூடாது. துணியில் இழையோட்டுவதுபோல் முதலில் நூலால் அங்கங்கே லேசாகக் கட்டி நிறுத்தினேன். சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கி, நூலை அறுத்துவிட்டேன். தகட்டு விளிம்பைத் தாண்டும் இடத்தில் ஒயர் அறுந்துவிடுமே என்று தோட்டத்து ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டி, நெடுக்காகக் கீறி, உறை மாதிரி மாட்டினேன். பானெட் மூடும்போது ஒயரை நசுக்குமா என்று பார்க்க, தையல் சாக்குக்கட்டியை ஒயர்மேல் நன்றாகத் தேய்த்துவிட்டு ஒருமுறை மூடித் திறந்தேன். பானெட்டின் அடியில் சாக்குத் தடம் இல்லை. நம்பர் பலகைக்குப் பக்கத்தில், கிரில் இடுக்கில், ரப்பர் மூடி கீழே பார்த்தபடி அழகாகத் தொங்கியது பிளக்.

"தைச்ச மாதிரியே இருக்கு," என்றார் கணவர். நான் பக்கத்திலேயே நின்றதால் கேட்டது. எனக்கு வாயெல்லாம் பல்.

சாயங்காலம் வண்டியை எப்போதும்போல் ஷெட்டுக்குள் விட்டேன். வலதுபுறக் கதவை ஒருக்களித்துத் திறந்து, ஒல்லியாகி, இறங்கினேன். ஷெட் கதவோரத்து ஸ்விட்ச் பலகையில் சார்ஜரைச் செருகி, அதன் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

கண்ணெதிரே வண்டியின் பின்பக்கம் இருந்தது.

மூக்கு உள்சுவரைப் பார்த்துக்கொண்டு, பரணுக்கு அடியில், இருட்டில் இருந்தது. இடது பக்கம் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே கைகூட நுழையாது. வலது பக்கம் போகலாம் என்றால் பாதியிலேயே பரணைத் தாங்கும் இரும்புத் தூண் மறிக்கும். வண்டி வந்த நாளில் அண்ணன் அதை மூக்கு முதலில் போகும்படி உள்ளே விட்டான். அன்றிலிருந்து நானும் அப்படியேதான் விடுகிறேன். இந்த வருஷங்களில் ஒருநாள்கூட ஷெட்டுக்குள் வண்டியின் முகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காத பக்கத்தில் கொண்டுபோய் பிளக்கை வைத்திருக்கிறேன்.

"அது வந்து... அந்தப் பக்கம் இருக்கே," என்றார் கணவர்.

"தெரியுது."

துணியின் மேல்புறம் எது, அடிப்புறம் எது என்று பார்க்காமல் வெட்டுகிற பெண்களை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! இடது கதவுக்கான திரை வலது கதவுக்காகி நிற்கும்போது வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருக்கிறேன். இப்போது நானே வண்டியைத் தெருவில் போட்டு, வெளிச்சத்தில், அளவு நாடா வைத்து, மிகச் சுத்தமாகத் தப்புப் பக்கத்தில் வெட்டியிருக்கிறேன்.

சார்ஜர் ஒயரின் முனையை ஒரு திரைக்கம்பியின் நுனியில் கட்டி, வண்டிக்கு அடியில் விட்டுத் துழாவினேன். கம்பி எதிலெதிலோ முட்டியது, பிளக்கில் மட்டும் முட்டவில்லை. கணவர், "நான் குனிஞ்சு போய்ப் பார்க்கட்டுமா" என்று தூணுக்கும் வண்டிக்கும் நடுவே நுழைந்தார். நுழைந்தவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "யாராவது இருக்கீங்களா" என்று ஒரு மெல்லிய குரல் வந்தது. சட்டைப் பித்தானை அறுத்துத்தான் அவரை மீட்டேன்.

வாசற்படியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, கோபம்தான் முந்திக்கொண்டது. எனக்கு வண்டி போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், அண்ணன் முகத்தில் வரப்போகும் சிரிப்பு இன்னொரு பக்கம்.

"துணிய தப்பா வெட்டிட்டா நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டார் கணவர்.

"திருப்பிப் போட்டுத் தைக்க முடியுமான்னு பார்ப்பேன்."

சொல்லும்போதே எழுந்துவிட்டேன். வண்டியைத் திருப்பிப் போட்டால்? பின்பக்கமாக உள்ளே விட்டால் மூக்கு வாசலில் இருக்கும். பிளக் ஸ்விட்ச் பலகைக்குக் கைதொடும் தூரத்தில் வந்துவிடும்.

நினைக்க நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கமாக வெளியே எடுப்பேன், தெரு அகலமாக இருக்கிறது. பின்பக்கமாக அந்தக் குகைக்குள் நுழைத்ததே இல்லை. அப்போதே ஒரு தடவை முயன்றேன். கணவர் பின்னால் நின்று வழி சொன்னார். "கொஞ்சம் நிறுத்திக்கலாமே" என்று அவர் தன்மையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்விளக்கு தூளாகிவிட்டது.

மறுநாள் மாலை கணவர் நூலகத்திலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்தார். மேஜைமேல் வைத்துத் தட்டுகிற பித்தளை மணி. வாசகர்கள் அவரைக் கூப்பிட வைத்திருப்பது. இரவல் எழுதிவிட்டுத்தான் எடுத்து வந்தாராம்.

"ஒரு தட்டு தட்டினா இடது பக்கம். ரெண்டு தட்டினா வலது. விடாம தட்டினா நில்லு," என்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தட்டக் கேட்டவர் முகத்தில் அன்று ஒரு தனிக் களை.

நான் என் பங்குக்குப் பரணின் விளிம்பிலிருந்து ஒரு நூல்கண்டைத் தொங்கவிட்டேன். பின்கண்ணாடி அதில் தொட்டால் நிறுத்த வேண்டும். தரையில் வழக்கமாக வண்டி நிற்கும் இடத்தை சாக்குக்கட்டியால் கோடு கிழித்துக்கொண்டேன்.

தெருவே வேடிக்கை பார்த்தது. முதல் தடவை பூந்தொட்டி போனது. அடுத்த தடவை வண்டி கோணலாக நுழைந்து, ஒரு முழம் போய், வெட்கப்பட்டு வெளியே வந்தது. டிங். டிங் டிங். டிங். எதிர்வீட்டுக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு திசை சொல்ல, கணவர் அவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். பழக்க தோஷம். எல்லோரும் நிஜமாகவே அடங்கிப்போனார்கள். கடைசியில் சக்கரம் கோட்டில் ஏறியது. நூல்கண்டு கண்ணாடியில் முத்தம் கொடுத்தது. மணி விடாமல் அடித்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கப் போனேன். கதவு திறக்கவில்லை. சுவர் இடித்தது.

இப்போது வண்டி திரும்பியிருக்கிறது. என் கதவும் சேர்ந்து திரும்பி, ஒட்டிய சுவர்ப் பக்கம் வந்துவிட்டது. கோட்டை மட்டும் பழைய இடத்திலேயே போட்டிருக்கிறேன். ஒரே துணியை இரண்டாம் முறையும் தப்பாக வெட்டியிருந்தேன்.

கணவர் முன்கண்ணாடிக்கு எதிரே வந்து நின்று உதட்டசைத்தார். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. 'கோட்டையும் திருப்பணும்ல?' என்கிறார் என்று மட்டும் புரிந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே நான் சிரிக்க, வெளியே அவர் சிரிக்க, தெருவும் சேர்ந்துகொண்டது.

கோட்டை அழித்து மறுபக்கம் கிழித்து, மறுபடி வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விட்டேன். இந்த முறை கதவு திறந்தது. பிளக்கின் மூடியைக் கழற்றி, சார்ஜரைக் குத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. காலையில் போய்ப் பார்த்தால் பச்சை. அந்தப் பச்சையைப் பார்க்க வீட்டுக்கும் ஷெட்டுக்குமாக எத்தனை தடவை நடந்தேன் என்று கணவரைக் கேட்டால் சொல்வார், கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு மருத்துவமனையின் திரைச்சீலைகள் மொத்தமும் எனக்கு வந்தன. இரண்டு வாரம் மிஷினை விட்டு எழவில்லை. வண்டியை எடுக்கவே இல்லை. தினமும் சாயங்காலம் கணவர் போய் சார்ஜரின் விளக்கைப் பார்த்துவிட்டு வருவார். கரண்டுக்குப் பயந்து எதிர்வீட்டு மதிலில் ஒட்டிக்கொண்டவர், இப்போது பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார்.

திரைகளைக் கொண்டுபோய் மாட்ட வேண்டிய காலையில், சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வந்து நின்றான்.

"என்ன மிளகா, ரெண்டு வாரமா போனே இல்ல? வண்டி செத்துப் போச்சுன்னு சொல்ல வெட்கமா?"

"வா. வந்து நீயே பாரு."

ஷெட் கதவைத் திறந்தேன். வண்டி நேருக்கு நேராக அவனைப் பார்த்தது. மூக்கில் ஒயர், பக்கத்தில் பச்சை விளக்கு. நான் பிளக்கைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வண்டி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. மூலையில் நின்ற கணவர், யாரும் கேட்காமலே ஒரு டிங் அடித்தார்.

அண்ணன் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான். "கறுப்பைக் கடைசியா மாட்டினியா?"

"ஆமா."

"ஃபியூஸ்?"

"கண்ணு முன்னாடிதானே இருக்கு."

நிமிர்ந்தான். குறை கண்டுபிடிக்காமல் நிமிர்ந்து அவனுக்குப் பழக்கமில்லை. "ஆனா ஒண்ணு. மூக்கை வெளிய பார்த்து நிறுத்திட்டா பானெட்டே தாராளமா தொறக்குமே. அப்புறம் இந்த ஒயர் எதுக்கு?"

சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. கணவரைப் பார்த்தேன். அவருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஆனால் விட்டேனா பார்.

"தினம் பானெட்டத் தூக்கி, சிவப்பு எது கறுப்பு எதுன்னு தேடிக் கிளிப் மாட்டறதுக்கு உன் மாப்பிள்ளை ஒத்துக்குவாரா? கேட்டுப் பாரு."

"சரி சரி," என்றான். வழக்கமான சிரிப்பு வரவில்லை. "அப்ப எனக்கு இங்க வேலை இல்ல. கிளம்பறேன்."

டீகூட வேண்டாம் என்றான். எனக்கு ஏதோ போல் இருந்தது. ஜெயித்த மாதிரியே இல்லை. "இருங்க மச்சான்" என்று சொல்லிக்கொண்டே கணவர் அவனுக்கு முன்னால் வேனை நோக்கி ஓடினார், மறிப்பதற்கு. அவர் குரலுக்கு யார் நிற்பார்கள்? ஆனால் திரும்பி வந்தவர் என் காதோரம் குனிந்தார்.

"வேன்ல புது பேட்டரி இருக்கு. போர்வையில சுத்தி வெச்சிருக்கார். நம்ம வண்டி சைஸ்தான்."

நான் இருந்த இடத்திலிருந்து அண்ணன் இரண்டடி தள்ளித்தான் நின்றான். அவனுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்தக் குரலால் கிடைத்த முதல் நன்மை.

"அண்ணா, வண்டிய கேட்டாரே அந்த டிப்போ ஆளு, அவர் வரலியா?"

"எந்த ஆளு?" என்றான் அண்ணன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அசடு வழிய டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டான். அப்படி ஒரு ஆளே கிடையாது. என்னை இத்தனை நாள் தூங்கவிடாமல் அடித்த மனிதனை இவன் தன் வாயிலேயே உண்டாக்கி, வாயிலேயே மறந்துவிட்டான். வண்டியை எடுத்துக்கொண்டுபோக இவன் வரவில்லை. செத்த பேட்டரிக்குப் பதில் புதுசு மாட்டிவிட்டு, ஒரு பிரசங்கமும் செய்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறான்.

கோபம் வந்தது. வந்த வேகத்தில் கண்ணில் தண்ணீராகவும் வந்தது. இவன் எப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று யோசித்தேன். வண்டி செத்தபோதெல்லாம். மற்ற நாளில் அவனுக்கு வேன், டிப்போ, ஆளில்லாத வீடு. நான் பாட்டுக்கு ஒரு ஒயரை மாட்டி, அவன் வருவதற்கிருந்த ஒரே வழியையும் அடைத்து வைத்திருக்கிறேன்.

"அண்ணா," என்றேன், "இது பழைய பேட்டரி. எத்தனை தடவை செத்துப் பொழைச்சிருக்கு! இன்னிக்கு பச்சை காட்டுது. எத்தனை நாளைக்குன்னு யாருக்குத் தெரியும்? புதுசு போட்டா நல்லாத்தான் இருக்கும்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கணவரைப் பார்த்தான். "நீங்க வேனுக்குள்ள எட்டிப் பார்த்தீங்களா மாப்ளே?"

கணவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

போர்வையைப் பிரித்து அண்ணன் பேட்டரியைத் தூக்கி வந்தான். பானெட் தாராளமாகத் திறந்தது. என் வளையங்களைக் கழற்றி, புது பேட்டரியில் அதே வரிசையில் மாட்டினான். ஒயர் போகும் வழியை விரலால் தடவிக்கொண்டே வந்தவன், ரப்பர் உறை போட்ட விளிம்பில் நின்றான்.

"இதை யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல."

"ம்," என்றான். அண்ணன் அகராதியில் அது பாராட்டு.

"பழைய பேட்டரிய என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"என் வீட்டுல கிடக்கட்டும். ஏதாவது ஒரு நாள் தேவைப்படும்."

"தேவைப்படாது. இனிமே இந்த வண்டி சாகாது." பானெட்டை மூடினேன். "அதனால நீ வராம இருந்துடாதே. ஞாயித்துக்கிழமை வா. வண்டிக்காக இல்ல, எனக்காக."

அண்ணன் ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். "வரும்போது ஒரு விஷயம் சொல்லித் தரணும். நீ ஸ்டியரிங்கத் திருப்பற விதமே தப்பு. அந்தப் பூந்தொட்டிய நான் பார்த்தேன்."

"பூந்தொட்டிய பத்திப் பேசாதே. முதல்ல இந்த வண்டிய மூக்கு முதல்ல உள்ள விட்டது யாரு?"

"நானா? ஷெட்டுக்குள்ள பரண் கட்டினது யாரு?"

"பரண் வெச்சா உனக்கென்ன..."

மூலையிலிருந்து மணி விடாமல் அடிக்கத் தொடங்கியது. இருவரும் வாயை மூடிக்கொண்டு திரும்பினோம். கணவர் மணிமேல் கை வைத்தபடி, திரைச்சீலை மூட்டைகளைக் கண்ணால் காட்டினார். மருத்துவமனையில் காத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என் வண்டியின் முன்சீட்டில், எனக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

"வேன்?" என்று கேட்டேன்.

"அது கிடக்கட்டும். நீ ஓட்டு."